சாத்தூரில் நிற்கும் வண்டி

எத்தனை தடவை சோப்புப் போட்டாயிற்று, இன்னும் போகவில்லை, பெருவிரல் நகத்தின் ஓரத்தில் அந்தக் கறுப்பு. குலசேகரப்பட்டினம் தசராவில் காளி வேஷம் கட்டியிருந்த ஒருவரின் காதோரம் இறுகிப்போயிருந்த நூல்முடிச்சை அவிழ்த்துவிட்டபோது ஒட்டிய சாயம். எண்ணெயில் குழைத்துப் பூசுவார்களாம், வேர்வையில் கரையாமல் இருக்க. திருநெல்வேலியில் பகல் வண்டி ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கேமராப் பையைக் கால்களுக்கு நடுவில் வைத்து, அதன் வாரைக் கணுக்காலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, லேப்டாப்பை மடியில் திறந்து வைத்திருக்கிறேன். படங்களைப் பார்ப்பதா நகத்தைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. பையைத் திறந்தாலே கடல்மணல் வருகிறது. நீள லென்ஸின் வளையத்தைத் திருப்பினால் பல்லுக்குள் மணல் கடிபட்டது போல ஒரு நறநறப்பு. ஊருக்குப் போனதும் கழற்றித் துடைக்கக் கொடுக்க வேண்டும். ஊர் என்றால் திருச்சி. அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, விடுங்க. நாள் முழுக்க அதையே சொல்லி எலும்புகளைப் படம்பிடிக்கிறவள் லீவு கிடைத்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு திருவிழாக்களுக்கு ஓடுகிறேன், முகங்களுக்காக. எக்ஸ்ரேயில் முகம் வராது. மண்டையோடுதான் வரும், அதில் யாரையும் யாரும் அடையாளம் சொல்ல முடியாது. அந்த வேலைதான் எவ்வளவு நிம்மதி என்று இன்றைக்குத் தோன்றுகிறது. வண்டி கங்கைகொண்டான் தாண்டிவிட்டது. இது சாத்தூரில் நிற்கும். அங்கே ஒரு பெண் பிளாட்பாரத்தில் வந்து நிற்கப் போகிறாள். அவளுக்கு என்ன காட்டுவது, எதைச் சொல்வது என்று அதற்குள் நான் முடிவு செய்தாக வேண்டும்.

காலையில் லாட்ஜில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. வாயில் நுரையோடு எடுத்தேன். “அம்மா, ரெஜினாம்மாங்களா? நான் சாத்தூர்லருந்து பேசுறேன், பேரு ஒலகம்மா. படத்துல காளிக்கு முடிச்சு அவுத்து விடுறது நீங்கதானம்மா?” ஆமாம் என்றேன். நான்தான் என்று சொல்ல எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது, ஏனென்றால் அந்தப் படத்தை நான் எடுக்கவில்லை, எதிர் சீட்டில் இப்போது தினசரியை நாலாக மடித்து வாசித்துக்கொண்டிருக்கிற கோமதிநாயகம் சார் எடுத்தது. “அந்தக் காளி எங்க வீட்டுக்காரவுக மாதிரி இருக்கும்மா” என்றாள். நுரையைத் துப்பினேன். அவள் அழவில்லை. கடையில் சாமான் கேட்கிற குரலில் நிதானமாகச் சொன்னாள். எட்டு வருஷம் ஆகிறது. சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. சந்தைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு போனவர்தான். பரமசிவன் என்று பேரைக்கூட அவள் சொல்லவில்லை, பக்கத்தில் இருந்த ஒரு சின்னப்பெண் போனை வாங்கிச் சொன்னாள், அந்தப் பெண்தான் தன் போனில் படத்தைப் பார்த்துவிட்டு இவளிடம் கொண்டுபோய்க் காட்டியது, என் பேஸ்புக் பக்கத்திலிருந்து நம்பரை எடுத்துக்கொடுத்ததும் அவள்தான். மறுபடி இவள் குரல். “கொழுந்தனாரு காரியம் செஞ்சு முடிச்சிரணும்ங்கிறாரும்மா, ஐப்பசி அமாவாசைக்குள்ள. ஆளு இருந்தா இத்தன வருசத்துல வராம இருப்பாராங்கிறாரு. நாந்தான் இந்த வருசம் வேணாம், இந்த வருசம் வேணாம்னு தள்ளிக்கிட்டே வாரேன். போன்ல படம் சிறுசா இருக்கு, பெருசாக்குனா கலங்கிப்போகுது. ஒங்ககிட்ட தெளிவா இருக்கும்ல. இடது காதப் பாருங்கம்மா. அடிமடல் இருக்காது. சின்னப்பிள்ளையில நாய் கடிச்சது.” என் விரல்கள்தான் அப்போது ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டன. வண்டி எப்போது, எந்தப் பெட்டி என்று கேட்டாள். சொன்னேன். ஏன் சொன்னேன்? எக்ஸ்ரே அறையில் கேட்டால் சொல்வதுதானே வழக்கம், பெயர் என்ன, வயது என்ன, எந்தக் கால் வலது காலா.

விரலுக்குத் தெரியும். அதுதான் பிரச்சினை. கண் ஏமாறும், படம் ஏமாற்றும், அவ்வளவு கூட்டத்தில் அவ்வளவு கறுப்பு முகங்களுக்கு நடுவில் ஒரு காது யாருடையதாகவும் இருக்கலாம், ஆனால் நான் தொட்டுவிட்டேன். நல்ல வெயில். கடற்கரைக்குப் போகிற வழியில் நிறுத்தியிருந்த வேனின் நிழலில் ஒரு தசரா குழு உட்கார்ந்திருந்தது, கிரீடங்களைக் கழற்றி மண்ணில் வைத்துக்கொண்டு, குறவன் குறத்தி, ஒரு கரடி, கிளிப்பச்சைச் சட்டை போட்ட ஒரு ராஜா, நாலைந்து காளிகள். எல்லோரும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள், இவர் மட்டும் குடிக்க முடியாமல் தகர நாக்கோடு திண்டாடிக்கொண்டிருந்தார். கோரைப்பல்லும் நாக்கும் சேர்ந்த தகட்டை வாயில் வைத்து நூலால் பின்னால் கட்டியிருக்கிறார்கள், முடிச்சு வேர்வையில் இறுகிவிட்டது. முதுகில் மரக்கைகள், அவருடைய சொந்தக் கைகளால் பின்தலையைத் தொட முடியவில்லை. என்னைப் பார்த்துத் தலையைத் திருப்பிக் காட்டினார். கேமராவைத் தோளுக்குத் தள்ளிவிட்டு மண்டியிட்டேன். சவுரிமுடியை ஒதுக்கினேன், தீய்ந்த எண்ணெய் வாசனை, அதற்கடியில் ஒரு மனுஷ வாசனை. நூல் காதைச் சுற்றி அறுத்துக்கொண்டிருந்தது. நகத்தால் முடிச்சை நெம்பும்போது காதைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது, பிடித்தால் கீழே பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை, வழுவழுவென்று ஒரு தழும்பு, அவ்வளவுதான். வலிக்கிறதா என்று கேட்டேன். தலையை இல்லை என்று அசைத்தார். தகடு கையோடு வந்தது. தாடையை இப்படியும் அப்படியும் அசைத்துக்கொண்டு, “எந்த ஊருங்கம்மா?” என்றார். திருச்சி. “ரயிலா?” ஆமா. “அப்ப சாத்தூர் வழியாத்தான் போவீங்க.” சொல்லிவிட்டுப் பாட்டிலை அண்ணாந்து கவிழ்த்துக்கொண்டார். மதுரை வழியாக என்று சொல்லலாம், எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். சாத்தூர் வழியாக என்று சாத்தூர்க்காரன்தான் சொல்வான். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. நான் எழுந்து பின்னால் நகர்ந்து கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோய்விட்டேன். தண்ணீர் முகவாயில் வழிந்து சாயத்தில் கோடுபோட்டது, கரடி வேஷம் போட்டவன் ஏதோ சொன்னான், இவர் வாயில் இருந்த தண்ணீரைப் புரையேற விட்டுக்கொண்டு சிரித்தார். அதை எடுத்தேன். சத்தம் கேட்டுத் திரும்பினார். “மூஞ்சி தெரிய எங்கயும் போட்டுறாதீங்கம்மா” என்றார், கோபமாக இல்லை, பஸ்ஸில் காலை நகர்த்திக்கொள்ளச் சொல்வது போல. நான் தலையை ஆட்டினேன். சரி என்று வாயால் சொல்லவில்லை. தலையை ஆட்டியது சத்தியமா? ஆட்டினேனா, இல்லை, கேமரா வாரைச் சரிசெய்ய கழுத்தைத் திருப்பினேனா? ஆட்டினேன். நன்றாகத் தெரியும், ஆட்டினேன்.

கடம்பூர். இரண்டு பக்கமும் கரிசல் மழைக்கு முன்னால் வெடித்துக் கிடக்கிறது. கோமதிநாயகம் சார் பேப்பரை மடித்துவிட்டு, “இன்னும் பாத்துக்கிட்டுதான் இருக்கீங்களா?” என்றார். டெலிபோன் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், பிறந்தது பாளையங்கோட்டை, வீடு மதுரையில். படமெடுக்கிறவர்களுக்கான எங்கள் வாட்ஸாப் குழுவில் ஒரு படத்தை மோசம் என்று மோசமாகச் சொல்லாத ஒரே ஆள். நான் போகிற ஊர்களுக்கு அவரும் வருகிறார் என்றால் அக்கம்பக்கத்தில் கேள்வி வராது, அதற்காகவும் அவரை எனக்குப் பிடிக்கும். வேனின் மறுபக்கத்திலிருந்து அவர் எங்களை எடுத்திருக்கிறார், எனக்குத் தெரியாது. காளியின் பின்னந்தலையில் என் இரண்டு கைகள், என் முகம் பக்கவாட்டில், அவர் முகம் முக்கால்வாசி. அன்றைக்கே பேஸ்புக்கில் போட்டு என் பெயரையும் சேர்த்துவிட்டார். எங்கெங்கேயோ இருப்பவர்கள் எல்லாம் பகிர்ந்தார்கள். “ரெஜினாம்மா, எனக்குத் தெரிஞ்சிருந்தா போட்டிருக்க மாட்டேன்” என்றார் இப்போது, காலையிலிருந்து மூன்றாவது தடவையாக. “காலையிலேயே பேஸ்புக்லருந்து எடுத்துட்டேன். ஆனா அது போற எடமெல்லாம் போயிட்டு.” அவரைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது. அவரிடம் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, அவர் தலையை ஆட்டவில்லை. “காட்டிர வேண்டியதுதான” என்றார். “ஒரு பொம்பள எட்டு வருசமா இருக்காரா இல்லையான்னு தெரியாம கெடக்கா. இதுல யோசிக்க என்ன இருக்கு?” “அவர் காட்டாதீங்கன்னு சொன்னாரே சார்.” “அவருக்கென்ன, போயிட்டாரு. போனவனுக்கு ஒரு நாள்ல முடிஞ்சு போகும். இருக்கவளுக்கில்லா தெனமும்.” சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். சரியாகத்தான் சொல்கிறார். போனவருக்கு ஒரு நாளில் முடிந்துபோகுமா? முடிந்தால் சாத்தூர் வழியாகத்தான் போவீங்க என்று ஏன் சொல்ல வேண்டும், சொன்ன பிறகு அவ்வளவு தண்ணீரை ஒரே மூச்சில் ஏன் குடிக்க வேண்டும்?

மறுபடி முதலிலிருந்து பார்க்கிறேன். வேனின் நிழலில் எடுத்தவை மட்டும். வேண்டாததை வேண்டாம் என்று குறித்துக்கொண்டே போவதுதான் வழக்கம், கண் மூடியது, பாதி கை வெட்டுப்பட்டது, குவியம் தவறிக் கிரீடத்தில் உட்கார்ந்துகொண்டது, பின்னால் யாரோ தலையை நீட்டியது. இதில் நான் தேறியவள், ஈவு இரக்கம் பார்க்க மாட்டேன். இன்றைக்கு எல்லாம் தலைகீழாக இருக்கிறது. கலங்கியதைப் பார்த்தால் மனம் ஆறுகிறது, தெளிவாக வந்ததைப் பார்த்தால் உடனே அடுத்ததற்குத் தாவுகிறேன். இந்தப் படத்தில் சவுரி காதை மூடியிருக்கிறது, நல்லது. இதில் ராஜாவின் முழங்கை மறைக்கிறது, நல்லது. இதில் அவர் குனிந்திருக்கிறார். இதில் அசைந்துவிட்டார், முகம் ஒரு கறுப்பு இழுவல். அப்புறம் அது. அண்ணாந்த கழுத்து, வழிகிற தண்ணீர், ஒதுங்கிய முடி, இடது காது வெயிலில் தனியாகத் தெரிகிறது, கீழ்ப்பாதி இல்லாமல், தழும்பின் சுருக்கம்கூட எண்ணலாம் போல, அதே படத்தில்தான் சிரிக்கிறார். பல் எல்லாம் தெரிய, கண் இடுங்கி, கவலை என்று ஒன்று இருப்பதே தெரியாதவர் போலச் சிரிக்கிறார். காது இல்லாமல் சிரிப்பு இல்லை, சிரிப்பு இல்லாமல் காது இல்லை. எட்டு வருஷம் பொட்டை அழிக்காமல் காத்திருந்தவளிடம் இந்தாம்மா, உங்கள் வீட்டுக்காரர், பாருங்கள், எப்படிச் சிரிக்கிறார் என்று நீட்ட வேண்டும். அழுகிற மாதிரி ஒரு படம் இருந்திருக்கக் கூடாதா. இளைத்து, கண் குழிந்து, யாராவது வந்து கூட்டிப்போனால் போதும் என்று உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒன்று. அப்படி இருந்தால் நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன், இந்நேரம் அனுப்பியே இருப்பேன். அப்படியானால் நான் காப்பாற்ற நினைப்பது அவர் ஒளிந்திருப்பதையா, இல்லை, அவருடைய சந்தோஷத்தையா, இல்லை, அந்த இரண்டுக்கும் சம்பந்தமில்லாத என்னுடையது எதையோவா?

என்னுடையது எதையோ. கோமதிநாயகம் சார் எடுத்த படத்தில் என் முகத்தை நான் வெகுநேரம் பார்த்தேன், லாட்ஜில், விளக்கை அணைத்துவிட்டு. யாரோ ஒருத்தி, நெற்றியில் வேர்வை, உதட்டைக் கடித்துக்கொண்டு, தெரியாத ஒரு ஆளின் தலையைக் கையில் ஏந்திக்கொண்டிருக்கிறாள், உடைந்துவிடும் என்பது போல. எனக்கு அப்படி ஒரு முகம் இருப்பது தெரியாது. ஆரோக்கியசாமி அதைப் பார்த்திருக்க மாட்டார். என் கணவர் நல்லவர். சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. ஒலகம்மாவும் அதைத்தானே சொன்னாள், அதே வார்த்தைகள், கேட்கும்போதே திக்கென்றது. மகள் கோயம்புத்தூரில் வேலைக்குப் போன பிறகு வீட்டில் சிலிண்டர் வந்துவிட்டதா, மோட்டார் போட்டாச்சா, அவ்வளவுதான் பேச்சு, அதுவும் தேவைப்பட்டால். நான் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது என்றைக்கு வருவாய் என்பார். எங்கே என்று கேட்பதை எப்போது நிறுத்தினார் என்று நினைவில்லை. போன வருஷம் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்போது வண்டி திருச்சியில் நின்றது, எல்லோரும் இறங்கினார்கள், பை காலடியில் இருந்தது, எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வண்டி கிளம்பிவிட்டது. ஈரோட்டுக்குப் போகிற வண்டி. காவிரி கூடவே வந்தது. பயமாக இல்லை, அதுதான் பயம். எவ்வளவு சுலபம். கழுத்தில் ஐடி கார்டு இல்லை, பக்கத்தில் இருப்பவருக்கு என் பெயர் தெரியாது, இப்படியே உட்கார்ந்திருந்தால் போதும், யாரும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, ஒருத்தி இல்லாமல் போய்விடலாம். குளித்தலையில் இறங்கிப் பஸ் பிடித்து வீட்டுக்குப் போனேன். வண்டி லேட்டு என்றேன். அவர் தோசைமாவு பிரிட்ஜில் இருக்கிறது என்றார். குளித்தலையில் இறங்காதவர்கள் இருப்பார்கள். சந்தைக்கு என்று பையோடு போய், சந்தை வந்ததும் இறங்காமல் உட்கார்ந்திருந்தவர்கள். அவர்களிடம் போய்க் காரணம் கேட்டால் என்ன சொல்வார்கள்? எனக்கும் சொல்லத் தெரியாது. ஆனால் நான் போயிருந்தால், எட்டு வருஷம் கழித்து எங்கேயோ ஒரு கடற்கரையில் தண்ணீர் குடித்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போது எவளோ படமெடுத்து ஆரோக்கியசாமியிடம் காட்டினால், நான் அவளை மன்னிப்பேனா? அவர் பார்ப்பாரா? ஒலகம்மா மாதிரி வந்து நிற்பாரா? வரமாட்டார் என்று நினைத்தேன், உடனே, இல்லை, வருவார், வந்து ஓரமாக நிற்பார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பார் என்றும் தோன்றியது, லேப்டாப்பைப் பாதி மூடினேன்.

கோவில்பட்டியில் பாதிப் பெட்டி காலியானது. இதற்கு அடுத்து சாத்தூர். கோமதிநாயகம் சார் டீ வாங்கித் தந்தார், சுட்டது, குடித்தேன். சரி, இப்படிச் செய்யலாம். காது தெரியாதவற்றை மட்டும் தனியாக எடுத்து வைக்கலாம். சவுரி மூடியது, ராஜாவின் முழங்கை, குனிந்தது. இவ்வளவுதாம்மா இருக்கு, தெளிவா வரல. பொய் இல்லை, இவையும் நான் எடுத்த படங்கள்தான். அவளுக்குச் சந்தேகம் தீராது, அவ்வளவுதான், இன்றைக்கு இருக்கிற இடத்திலேயே இருப்பாள், நான் எதையும் கெடுத்ததாக ஆகாது. சந்தேகத்தோடு ஐப்பசி வரும். கொழுந்தனார் வந்து நிற்பார். அவள் இன்னொரு வருஷம் தள்ளுவாள். அதற்கடுத்த வருஷமும். தள்ளட்டும், என்று நான் எப்படிச் சொல்ல முடியும், உட்கார்ந்த இடத்தில் டீ குடித்துக்கொண்டு? இல்லையென்றால் காட்டிவிடுவது. அவள் குலசேகரப்பட்டினத்துக்கு ஓடுவாள். விரதக் காப்புக் கழற்றுகிற நாள் முடிந்து குழுக்கள் எல்லாம் கிளம்பிவிட்டிருக்கும். வேனின் நம்பர் படத்தில் இருக்கிறதா என்று கேட்பாள். இருக்கிறது, ஒரு படத்தில் மூலையில் இருக்கிறது. அதை வைத்துத் தேடுவார்கள், கொழுந்தனார் ஆட்களோடு போவார், எங்கேயோ ஒரு ஊரில் ஒரு காலைநேரம் அவர் வாசலில் போய் நிற்பார்கள். அப்போது அவர் நினைப்பார், அந்த எக்ஸ்ரே அம்மா என்று நினைக்க மாட்டார், அவருக்கு என் பேர் தெரியாது, முடிச்சு அவிழ்த்துவிட்டவள் என்றுதான் நினைப்பார். போன் அடித்தது. “வந்துட்டேம்மா. ஸ்டேஷன்லதான் நிக்கேன். பெட்டி முன்னாடி வருமா பின்னாடி வருமா?” தெரியலையே என்றேன். “சரி, நான் நடுவுல நிக்கேன். ஓடிவந்துருவேன்.” வைத்துவிட்டாள். நான் மூன்று படங்களை எடுத்து ஒரு தனி இடத்தில் வைத்தேன். மற்றதை எல்லாம் மூடினேன்.  

வண்டி வேகம் குறைந்தபோதே அவளைத் தெரிந்துவிட்டது. கத்திரிப்பூ நிறச் சேலை, வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவர்களோடு சேர்ந்து அவளும் ஓடிவந்தாள், ஆனால் ஒவ்வொரு ஜன்னலையும் பார்த்துக்கொண்டு. “இங்க, இங்க” என்று கோமதிநாயகம் சார் கையை வெளியே நீட்டினார். நான் நினைத்திருந்ததைவிடச் சின்ன உருவம். என் வயதுதான் இருக்கும். மூச்சு வாங்கியது, ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், என்னைப் பார்த்து, “படத்துல மாதிரியே இருக்கீங்க” என்றாள். லேப்டாப்பைத் தூக்கிக் கம்பியோடு ஒட்டிப் பிடித்தேன். சவுரி மூடிய படம். வெயில் திரையில் விழுந்து அவளுடைய முகமே அதில் தெரிந்திருக்க வேண்டும், ஒன்றும் தெரியவில்லை என்று முந்தானையை இழுத்துத் தலையோடு சேர்த்துத் திரைக்கு மேலே கூடாரம் போலப் போர்த்திக்கொண்டாள். இப்போது அவள் அந்தத் துணிக்குள் இருந்தாள், அவள் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது. அடுத்தது. அதற்கடுத்தது. “இதுல காது தெரியலயேம்மா” என்றாள் உள்ளேயிருந்து. இவ்வளவுதான் இருக்கு என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். வாயைத் திறந்தேன். “இருக்கிறதுலயே தெளிவா உள்ளதக் காட்டுங்கம்மா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். வண்டி எடுத்துருவான்” என்றாள். குரலில் கெஞ்சல் இல்லை, என்னிடம் தெளிவானது ஒன்று இருக்கிறது என்பது அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. நான் அதைத் திறந்தேன். முடிவு செய்து திறந்தேன் என்று சொல்ல மாட்டேன். விரல் போயிற்று, திறந்தது, அவர் திரை முழுக்கச் சிரித்தார்.

வெள்ளரிக்காரி ஒருத்தி அடுத்த ஜன்னலில் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். ஒலகம்மாவின் ஒரு கை கம்பியிலிருந்து விலகித் துணிக்குள் போனது, ஒரு விரல் திரையின் மேல் காதுப் பக்கமாக ஊர்ந்து, தொட்டும் தொடாமலும் நின்றது. அந்த இடத்தை நான் அறிவேன். பிறகு விரல் அங்கிருந்து நகர்ந்து வாய்க்கு வந்தது, சிரிக்கிற வாய்க்கு, அங்கே நெடுநேரம் இருந்தது, அல்லது நெடுநேரம் போல எனக்குத் தோன்றியது. விசில் ஊதிவிட்டார்கள். அவள் முந்தானையை எடுத்தாள். முகம் காய்ந்துதான் இருந்தது. குங்குமம் வேர்வையில் கொஞ்சம் கசிந்திருந்தது. “இது அவரு இல்லம்மா” என்றாள். எனக்குப் புரியவில்லை. “நல்லாப் பாருங்கம்மா, காது…” என்றேன், நானே, என் வாயாலேயே. “பாத்துட்டேன். அவுக இல்ல. அவுக இப்படிச் சிரிக்க மாட்டாக. இருந்தவரைக்கும் இப்படி ஒருநா சிரிச்சு நான் பாத்ததில்ல.” வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. அவள் கம்பியை விடாமல் கூடவே நடந்தாள். “சிரமம் குடுத்துட்டேன், மனசுல வச்சுக்காதீங்க” என்றாள், நாலு எட்டு நடந்தாள், நடை வேகமானது, “அந்த ஆளு சாப்பிட்டாரா? நீங்க பாக்கையில சாப்பிட்டிருந்தாரா?” என்றாள். விரதம் இருப்பவர்கள், ஒரு வேளைதான் சாப்பிடுவார்கள், நான் பார்க்கவில்லை, எனக்குத் தெரியாது. “சாப்பிட்டாரும்மா” என்று கத்தினேன், “நல்லாச் சாப்பிட்டாரு.” அவள் தலையை ஆட்டிவிட்டுக் கம்பியை விட்டாள்.

“என்ன சொன்னா?” என்றார் கோமதிநாயகம் சார். வண்டிச் சத்தத்தில் அவருக்குப் பாதி கேட்டிருக்காது. “அவர் இல்லையாம் சார்.” அவர் முகம் அப்படியே தளர்ந்தது. “அப்பாடா. காது அப்படி எத்தன பேருக்கு இருக்கும். நாமளா ஒண்ண நெனச்சு…” என்று சொல்லிக்கொண்டே போனார். நான் ஆமாம் சார் என்றேன். லேப்டாப் மடியில் சூடாக இருந்தது. திரையில் அவள் விரல் நின்ற இடத்தில் வேர்வையின் ஒரு சின்ன வட்டம் இருந்தது, அது சுருங்கிச் சுருங்கிக் காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதைத் துடைக்கவும் கூடாது, காயவும் கூடாது என்று இருந்தது. வெளியே வேலிக்கருவையும் காய்ந்த ஓடையும் போய்க்கொண்டிருந்தன. தெரிந்துதான் சொன்னாள். தெரிந்து சொல்லவில்லை, உண்மையாகவே அவளுக்கு அப்படித் தோன்றியிருக்கலாம், சிரிப்பு ஒரு முகத்தை மாற்றிவிடும்தானே. இல்லை, அந்த விரல் காதில் நின்றது. தெரியும். விருதுநகர் வருவதற்குள் போன் அடித்தது. அவள்தான். பின்னால் ஸ்டேஷன் சத்தம் கேட்டது, இன்னும் அங்கேதான் இருந்தாள். “ஒண்ணுமில்லம்மா. கொழுந்தனாருகிட்ட சரின்னு சொல்லிர்றேன். ஐப்பசியில செஞ்சிரட்டும். அதச் சொல்லத்தான்.” என்னிடம் அதை ஏன் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. “சரிம்மா” என்றேன். “அந்தப் படத்த அழிச்சிருங்க. வேற யாராச்சும் பாத்துட்டு அந்த ஆளத் தேடிப்போயி நிக்கப் போறாக. பாவம், யாரு பெத்த பிள்ளையோ, அவரு பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்.” அழிச்சிர்றேம்மா என்றேன். அவள் வைக்கவில்லை. அங்கே ஏதோ வண்டி வரப்போவதாக அறிவித்துக்கொண்டிருந்தார்கள், அது முடிகிற வரைக்கும் போனைக் காதோடு வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். “இல்ல, வேணாம்” என்றாள் பிறகு. “அழிக்காதீங்க. யாருக்கும் காட்ட வேணாம், நீங்க மட்டும் வச்சிருங்க.”